நூற்று அறுபது கிலோ

ஜனவரி 7

ஜெபா ஊக்கமருந்து எடுக்கிறாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நேற்று மதுரையில் நடந்த டெட்லிஃப்ட் போட்டியில் நூற்று நாற்பத்தேழரை கிலோவைத் தரையிலிருந்து தூக்கி, முழங்காலை நிமிர்த்தி, நடுவர் கையை இறக்கும்வரை அசையாமல் நின்றாள். போன வருடம் இதே பெண் நூற்று முப்பதுக்குத் திணறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவள் ஊரான நாகர்கோவிலில் அப்படி என்ன மீன் கிடைக்கிறது? முடி முளைத்திருக்கிறதா என்று அவள் தாடையைப் பார்த்தேன். புறங்கையைப் பார்த்தேன். கழிப்பறை வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கரகரவென்று இருந்தது.

நான் நூற்று இருபத்தைந்து. நான்காவது இடம்.

திரும்பும்போது பேருந்தில் என் பயிற்சியாளர் தனுஷ்கோடி மாஸ்டரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். சாத்தூர் வரை வாயைத் திறக்காமல் கேட்டவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவ எலையில என்ன வெச்சிருக்குன்னு எட்டிப் பாக்காத, பேச்சி. ஒனக்கு எவ்வளவு வேணும்? அதச் சொல்லு."

"நூத்தறுபது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மே மாசத்துக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார்.

மே கடைசியில் திருச்சியில் மாநிலப் போட்டி. என் எடைப் பிரிவில் முதலாவது வருகிறவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம். இருபத்து நாலு வயதில் நர்சரிப் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக விசில் ஊதிக்கொண்டிருப்பவளுக்கு அதைவிட்டால் வேறு கதவு கிடையாது.

ஜனவரி 8

இடுப்பு வலி. பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை. யூ.கே.ஜி. பிள்ளைகள் சாக்கு ஓட்டத்தில் எதிர்த்திசையில் ஓடினார்கள்.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து ஜிம்முக்குப் போனேன். மாஸ்டரின் ஜிம் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம். மழை பெய்தால் இன்னும் சுவரில் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். அவர் மகள் கல்யாணியும் நானும்தான் பெண்கள். கல்யாணி கல்லூரிக் கடைசி வருடம். என்னைவிட ஒரு பிரிவு கீழே தூக்குகிறாள்.

பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் என்னை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். பெயர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவிலிருந்து மாத்திரைகளைக் கொட்டி, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்.

"காலையில ஒண்ணு, சாப்ட்ட பெறகு. மூட்டுக்கு நல்லது. யார்ட்டயும் சொல்லாத, எல்லாப் பயலும் வந்து கேப்பான்."

"கல்யாணிக்கு?"

"அவளுக்குக் குடுக்கல. ஒனக்கு மட்டுந்தான்."

அப்பா இறந்த பிறகு எனக்கு மட்டும் என்று யாரும் எதையும் தந்ததில்லை. பொட்டலத்தைப் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 3

நூற்று முப்பது. பஞ்சு மாதிரி வந்தது.

பசி தாங்க முடியவில்லை. அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடும் வேலைக்குப் போவதற்கு முன் ஆறு முட்டை அவித்து வைத்துவிட்டுப் போனாள். மாலையில் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, எனக்கு ஒண்ணாவது வெச்சியா?" என்றாள்.

பிப்ரவரி 9

கல்யாணி என்னைக் கவனிக்கிறாள். நான் குனிந்து ராடைப் பிடிக்கும்போதெல்லாம் கண்ணாடி வழியாக அவள் கண் என் மேல் இருக்கிறது. இன்று என் பெல்ட் வைத்த இடத்தில் இல்லை. தேடி எடுத்துத் தந்ததும் அவள்தான். தொலைத்தவளே தேடித் தருவது பழைய தந்திரம்.

"அக்கா, நீங்க என்ன சாப்பிடுதீங்க? ஒரே மாசத்துல தோளு இவ்வளவு ஏறிட்டே!" என்றாள்.

"சோறு" என்றேன்.

அப்பாவின் பிரியம் வேறு பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நானாக இருந்தாலும் பொறாமைப்பட்டிருப்பேன்.

பிப்ரவரி 20

நூற்று முப்பத்தேழரை. மாஸ்டர் என் தலையில் கைவைத்து, "நல்லா வருவ" என்றார். கல்யாணி நூறில் நிற்கிறாள்.

பிப்ரவரி 26

காலை வழிபாட்டில் "அட்டென்ஷன்" சொன்னேன். இரண்டாம் வகுப்பு வரிசையில் சிரிப்பு. ஒரு வாண்டு எழுந்து, "மிஸ், ஒங்களுக்குச் சளியா? சார் மாதிரி பேசுதீங்க" என்றது. வெயிலில் நின்று கத்தினால் தொண்டை கட்டத்தான் செய்யும். சுக்கும் பனங்கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் குடித்தேன்.

மார்ச் 4

முதுகெல்லாம் பரு. சுருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தாள். அது வழக்கத்தில் இல்லாதது. அம்மா பேசாமல் இருந்தால் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

மார்ச் 11

என் பையை யாரோ துழாவியிருக்கிறார்கள். துண்டு வேறு மாதிரி மடித்திருந்தது. பொட்டலம் மட்டும் அப்படியே இருந்தது.

இன்று ஞாயிறு. அம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாப்கின் வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"எதுக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடி வாங்குனது பிரிக்காம அலமாரில இருக்கு. யாருட்டி அவன்?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த மாஸ்டரா?"

"யம்மா! அவரு எனக்கு அப்பா மாதிரி."

"மாதிரிதான?" என்றாள் அம்மா.

அதிகமாகப் பயிற்சி செய்தால் தள்ளிப் போகும், ஓட்டக்காரிகளுக்கெல்லாம் அப்படித்தான் என்று சொன்னேன். அது உண்மைதான். எங்கோ படித்திருக்கிறேன்.

மார்ச் 14

அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். சோதனை செய்து பார்த்துவிட்டு, "கர்ப்பமெல்லாம் இல்லம்மா" என்றார். அம்மா அந்த அறையிலேயே கிழக்கு பார்த்துக் கும்பிட்டாள்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பித் தாடையைப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுற?"

"சோறு, முட்டை, கறி."

"அது இல்ல. ஜிம்ல யாராவது ஏதாவது குடுக்காங்களா?"

"புரோட்டீன் பவுடர்."

"வேற?"

"வேற இல்ல."

மூட்டு மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நீளமான சீட்டு எழுதித் தந்தார். பரிசோதனைக் கூடத்தோடு இவர்களுக்கெல்லாம் ஒப்பந்தம் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். சீட்டு அம்மாவின் முந்தானையில் இருக்கிறது.

மார்ச் 24

நூற்று நாற்பத்தேழரை!!

மதுரையில் ஜெபா தூக்கிய எடை. ராடு மேலே வந்து நின்றபோது கல்யாணிதான் முதலில் கை தட்டினாள். எதற்கு என்று யோசித்தேன்.

திருச்சி அறிவிப்பும் வந்துவிட்டது. இந்த முறை ஊக்கமருந்துச் சோதனை உண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேரிடம் மாதிரி எடுப்பார்களாம். மாஸ்டரிடம் ஓடிப்போய், "ஜெபா மாட்டுனா மாஸ்டர்!" என்றேன். அவர் அறிவிப்பை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"மாத்திரைய அடுத்த மாசம் நிறுத்திரு. ஒடம்புக்கு ஓய்வு குடுக்கணும்" என்றார்.

மூட்டுக்கு நல்ல மாத்திரைக்கு எதற்கு ஓய்வு என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா?

ஏப்ரல் 4

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு நாளாகக் கல்யாணிக்கு முழங்கால் வீக்கம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நேற்று நான் பளு மாற்றும்போது அந்தக் காலோடு எழுந்து வந்து தட்டைப் பிடித்தாள். அவளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்போ என்று அப்போதுதான் தோன்றியது. இன்று பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாத்திரையை அவள் கையில் வைத்தேன்.

"போட்டுக்க. மூட்டுக்கு நல்லது. ஒங்க அப்பா குடுத்ததுதான்."

"எனக்கு இதெல்லாம் குடுத்ததே இல்லியே" என்று சிரித்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

உள்ளறையிலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இடுப்பில் பழைய அடி. அவள் கையை ஓங்கித் தட்டினார். பாட்டில் உருண்டது. மாத்திரை ராடு மாட்டும் ஸ்டாண்டுக்கு அடியில் போயிற்று.

"முழுங்கிட்டியா? வாயத் தொற. தொறங்கேன்!"

கைக்குழந்தை காசை விழுங்கினால் பார்ப்பதுபோல அவள் தாடையைப் பிடித்து, நாக்குக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்தார். கல்யாணி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பையன்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு நின்றார்கள். மாஸ்டர் மண்டியிட்டு ஸ்டாண்டுக்கு அடியில் கையை விட்டு மாத்திரையைத் தேடி எடுத்தார். எடுத்த பிறகுதான் நான் நிற்பது அவருக்கு நினைவு வந்தது.

"அது ஒன் ஒடம்புக்குப் பாத்துக் குடுத்தது, பேச்சி. எல்லாருக்கும் சேராது."

ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொன்று சேரும். சித்த வைத்தியர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஏப்ரல் 5

காலையில் மாத்திரை போட்டேன். மாலையில் நூற்று ஐம்பத்திரண்டரை.

ஏப்ரல் 12

அழகு நிலையத்துக்குப் போய்த் தாடையில் முடியெடுக்க நூல் போட்டேன். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். போனில் சித்தி, "தம்பி, பேச்சி இல்லியா?" என்றாள். வைத்துவிட்டேன்.

நூற்று ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்துதான்.

ஏப்ரல் 19

சுபிதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கல்லூரி முதல் வருடம். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நல்ல முதுகு. மாஸ்டர் அவளை ஒரு வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இன்று சாக்பீஸ் மாவு எடுக்க உள்ளறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. டப்பாவில் மாத்திரை குலுங்கும் சத்தம் எனக்குத் தெரியும்.

"மூட்டுக்கு நல்லது. எம்மகளுக்கே குடுக்கல பாத்துக்க. ஒனக்கு மட்டுந்தான்" என்றார் மாஸ்டர்.

சுபிதா வெளியே வந்தாள். பொட்டலத்தைப் பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாவு எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

மாத்திரை போடவில்லை. பள்ளி முடிந்ததும் நேரே ஜிம்முக்குப் போனேன். மற்றவர்கள் வரும் நேரம் ஆகவில்லை. மாஸ்டர் ராடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கல்யாணி கையத் தட்டிவிட்டீங்களே, எதுக்கு மாஸ்டர்?"

"அதான் சொன்னேன்லா. அவ தாங்க மாட்டா."

"நான் தாங்குவனா?"

அவர் துணியை வைத்தார். அவர் கோபப்படவில்லை. பாடம் சொல்வதுபோலப் பேசினார்.

"நீ நூத்தறுபது கேட்ட. சோத்துலயும் முட்டையிலயும் அது மேக்குள்ள வராது. ஜெபா எடுக்கா, ஜெபா எடுக்கான்னு மதுரையிலேந்து பொலம்பிக்கிட்டு வந்தது யாரு? எனக்கும் வேணும்னுதான அதுக்கு அர்த்தம்? நீ கேட்டதத்தான் குடுத்தேன்."

"நான் அதக் கேக்கல."

"இத்தன நாளு என்னன்னும் கேக்கலியே?"

வேறு ஒன்றைக் கேட்டேன். "கல்யாணியும் மாநிலத்துக்குப் போகணும்னுதான் கெடந்து துடிக்கா. அவளுக்கு ஏன் குடுக்கல?"

"அவ எம்பிள்ள, பேச்சி" என்றார்.

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. திரும்பவும் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

ஏப்ரல் 22

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடிந்ததும் கீரையை அப்படியே வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு டாக்டரம்மா இல்லன்னதும் சாமி கும்பிட்டேன். புள்ளையா இருந்தாக்கூடப் பெத்து வளத்திருக்கலாம்போல இருக்கேட்டி" என்றாள்.

பிறகு முகம் கழுவினாள். புடவை மாற்றவில்லை. கம்பெனிப் புடவையில் வெல்லப்பாகு வாடை அடித்தது. "வா" என்றாள்.

ஜிம்மில் எல்லாரும் இருந்தார்கள். சுபிதாவும் இருந்தாள். அம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று பயந்தேன். அம்மா மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, எம்மகளுக்குக் குடுத்தீங்கள்லா, அந்த மாத்திர. அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"எதுக்கும்மா? உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

"பேச வரல. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்து, அந்தா நிக்கால்லா ஒங்க மக, அவ வாயில போடுங்க. நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா ஒங்கள ஒரு வார்த்த சொல்லாம போயிருதேன்."

மாஸ்டர் கல்யாணியைப் பார்த்தார். கல்யாணி அவரைப் பார்த்தாள். "குடுங்கப்பா" என்றாள். "மூட்டுக்கு நல்லதுதான? எனக்குத்தான் காலு வீங்கிருக்கே. குடுங்க."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "படிக்காத பொம்பளைய வெச்சுக்கிட்டு..." என்று என்னவோ தொடங்கினார். முடிக்கவில்லை.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மே 2

ரத்தப் பரிசோதனைக்கு அந்தச் சீட்டோடு போனேன். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மாதவிடாய் திரும்ப வரும். கொஞ்ச மாசம் ஆகலாம். ஈரலையும் பாத்துக்கணும்."

"குரலு?"

"அது இவ்வளவு எறங்கிட்டா பழையபடி ஆகுறது கஷ்டம்மா."

வீட்டுக்கு வந்து, போனில் போன வருட ஆண்டு விழா வீடியோவைப் போட்டேன். "ஒன், டூ, த்ரீ" என்று கத்துகிறாள் ஒருத்தி. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நிறுத்திவிட்டேன்.

மே 9

சுபிதா நம்பவில்லை. கல்லூரி வாசலில் நின்று எல்லாம் சொன்னேன். "ஒங்களுக்குப் பொறாமைன்னு மாஸ்டர் சொன்னாரு" என்றாள். தோளை உயர்த்திக்கொண்டு நடந்து போனாள். கல்யாணியை நான் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

போட்டி நடத்தும் சங்கத்துக்குப் போன் செய்தேன். "எழுத்துல குடும்மா. ஆதாரம் இருக்கா?" என்றார்கள். மாத்திரை நாலு மிச்சம் இருக்கிறது. யார் கொடுத்தது என்று மாத்திரையில் எழுதியா இருக்கிறது? அம்மா கேட்டது ஊருக்கே தெரியும், ஆனால் அன்று அங்கே நின்ற ஒரு பையனும் இப்போது எதையும் பார்க்கவில்லையாம்.

மே 12

கல்யாணி வீட்டுக்கு வந்தாள். அப்பாவோடு பேசுவதில்லை என்றாள். அம்மா காபி கொடுத்தாள். குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நெசமாவே எனக்குத் தெரியாது."

"தெரியும்."

"ஒங்க பேரு திருச்சிப் பட்டியல்ல இருக்கு. அப்பா இன்னும் எடுக்கல. நீங்க வர மாட்டீங்கன்னு நெனைக்காரு."

அவள் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று பேரிடம் மாதிரி எடுப்பார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அந்த மருந்து இன்னும் என் உடம்பில் தெரியுமா என்று கேட்டேன். மாசக்கணக்கில் தெரியும் என்றார்.

ஆதாரம் இருக்கிறது. சோறு தின்றுகொண்டு, துணி துவைத்துக்கொண்டு, இங்கேயேதான் இருக்கிறது.

மே 13

திருச்சிக்காக, ஜிம்மை விட்டு விளையாட்டு அரங்கத்தில் பயிற்சி. நூற்று இருபது மலைபோல இருந்தது.

மே 20

நூற்று முப்பத்தைந்து. கடைசியில் முதுகு வளைந்தது. மூன்றாம் இடத்துக்கு எப்படியும் நூற்று நாற்பது வேண்டும்.

மே 26, திருச்சி

அம்மாவும் வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நான் தூக்குவதைப் பார்க்கிறாள்.

எடை பார்க்கும் வரிசையில் மாஸ்டர் வந்து என் கையைப் பிடித்தார். பின்னால் சுபிதா அவருடைய பையைச் சுமந்துகொண்டு நின்றாள்.

"இங்க எதுக்கு வந்த? சோதனைக்கு ஆளு வந்திருக்காங்க. மாட்டுனா நாலு வருசம் தட. வேலையும் போச்சு, எல்லாம் போச்சு. ஒனக்காகத்தான் சொல்லுதேன் பேச்சி, போயிரு."

"சுபிதாவுக்கு நிறுத்திட்டீங்களா மாஸ்டர்?"

"அவ இந்த வருசம் தூக்கல. பாக்கத்தான் வந்திருக்கா."

"என்ன நிறுத்தணும்?" என்றாள் சுபிதா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் யார் யார் முகத்தையோ உற்றுப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. அது பயந்த முகம். எனக்காகப் பயந்த முகம் இல்லை.

"நீங்களே சொல்லுங்க அவகிட்ட" என்றுவிட்டு எடை மேடையில் ஏறினேன்.

முதல் முயற்சி நூற்று முப்பது. சரி. இரண்டாவது நூற்று முப்பத்தேழரை. ராடு முழங்காலில் ஒரு நொடி நின்றது, பிறகு வந்தது. ஜெபா நூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டாள், தஞ்சாவூர்ப் பெண் நூற்று நாற்பத்தைந்து. சேலத்துப் பெண் நூற்று நாற்பதோடு மூன்றாவதாக நின்றாள். நான் நூற்று நாற்பத்திரண்டரை எழுதிக் கொடுத்தேன்.

மேடைக்கு நடந்தேன். நூற்று அறுபதுக்காக நான் பார்த்து வைத்திருந்த கனவில் இந்த எடைக்கு இடமே கிடையாது. குனிந்து பிடித்தேன். இழுத்தேன். ராடு தரையை விட்டு எழவில்லை. விடவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தேன். எழுந்தது. முழங்காலில் நடுங்கியது. கூட்டத்தில் எங்கிருந்தோ, "விட்டுறாதட்டி!" என்று அம்மாவின் குரல் கேட்டது. முன்வரிசையில் மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் தவறவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நிமிர்ந்தேன். மூன்று நடுவர்களும் செல்லும் என்று வெள்ளை விளக்கைப் போட்டார்கள்.

சேலத்துப் பெண் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், அது உனக்குத்தான் வரும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

சோதனை அறை வாசலில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஜெபா. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "குடிங்க. அப்பத்தான் சட்டுன்னு வரும்" என்றாள். அதே கரகரத்த குரல். அவளுக்குப் பிறவியிலேயே அப்படியா, என்னை மாதிரியா, தெரியாது. தாடையைப் பார்க்கவில்லை. வாங்கிக் குடித்தேன்.

உள்ளே அதிகாரி ஒருவரும் ஒரு பெண் ஊழியரும் இருந்தார்கள். சமீபத்தில் ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று வழக்கமாகக் கேட்பதுபோல, அதிகாரி தலை நிமிராமல் கேட்டார். மிச்சம் இருந்த நாலு மாத்திரையையும் மேசைமேல் வைத்தேன். தலை நிமிர்ந்தது.

"இது என்னன்னு தெரிஞ்சு சாப்பிட்டீங்களா, தெரியாம சாப்பிட்டீங்களா?"

தெரியாது என்று சொன்னால் தண்டனை குறையலாம் என்று அவர் முகமே சொன்னது. நல்ல மனிதர்.

"மொதல்ல தெரியாம சாப்ட்டேன் சார்" என்றேன். "பெறகு கேக்காம சாப்ட்டேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்தார். "யார் குடுத்தா?" என்றார். முழுப் பெயரையும் சொன்னேன்.

ஜூலை 11

கடிதம் வந்துவிட்டது. நான்கு வருடத் தடை. மாஸ்டர் மேல் விசாரணை நடக்கிறது. அதுவரை ஜிம்மைப் பூட்டச் சொல்லிவிட்டார்களாம். சுபிதா அவள் அம்மாவோடு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கல்யாணி சொன்னாள். என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தார். வேலை போய்விடும் என்று நினைத்தேன். "பசங்க ஒங்க சத்தத்துக்கு இப்ப நல்லாப் பயப்படுறாங்க. பேசாம விசிலை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஜூலை 28

இன்று காலை வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து, உளுந்தை எடுத்து, நான் வயதுக்கு வந்தபோது கிண்டித் தந்த களிக்கு ஊறப் போட்டாள்.